வெளிமூச்சின் நீளம்

கோயில் வீடு, ஹிதா
10 அக்டோபர் 1973

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தோடு எனக்கென்று தனியாக மடித்து வைத்திருந்த தாளைப் பள்ளியின் சைக்கிள் கொட்டகையில் நின்று படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. 'சொல்லமாட்டேன்' என்று எழுதுவதற்கு முன் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா கையில் வைத்திருந்தேன். அதையும் உனக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

தியானத்தில் உட்காரும்போது நெஞ்சு ஒரு அடியைத் தவறவிடுகிறது, பிறகு யாரோ கதவை இடிப்பதுபோல் ஒன்று அடிக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் அப்பாவும் சொன்னார். முந்திய குளிர்காலத்தில் அவர் மணியடிக்கப் போய் மணிக்கூண்டின் கீழேயே உட்கார்ந்துவிட்டதை நீ பார்க்கவில்லை. கல்லூரியில் இருந்தாய். நான்தான் பார்த்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது. தியானம் செய்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

இங்கே செய்தி: அம்மா பெர்சிமன் பழங்களை உரித்துக் கயிற்றில் கட்டி உலரத் தொங்கவிட்டாயிற்று. குமசாகி மாமா வழக்கம்போல் வந்தார். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தலைவர் என்பதால் வராமல் இருக்க முடியாது அவரால். தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நான் சொல்றது ஒண்ணுதான். பனி உருகறதுக்குள்ள பையன் மடத்துல முதல் வருஷத்த முடிச்சுட்டு அவங்க அப்பா இடத்துக்கு வந்துடணும். இல்லேன்னா தலைமைக் கோயில்லேர்ந்து வேற குருவ, அவர் பொண்டாட்டி புள்ளைங்களோட அனுப்பிச்சிடுவாங்க. நான் என்னம்மா பண்றது, செத்தவங்க சடங்குக்குக் காத்திருக்க மாட்டாங்களே." அம்மா சிரித்தாள். அவர் போனபிறகு எந்தப் பாத்திரங்கள் நம்முடையவை, எவை கோயிலுடையவை என்று அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். நீ எப்படி உட்காருகிறாய்? இடுப்புக் கச்சை எங்கே இருக்கிறது? மூச்சை எங்கே வைக்கிறாய்? ஒன்றும் விடாமல் எழுது. பள்ளி நூலகத்தில் உடலியல் புத்தகம் எடுத்திருக்கிறேன். நூலக ஆசிரியை, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். கோயிலில் பிறந்த பெண்ணுக்குச் செத்தவர்களைப் பற்றித்தான் தெரியும், உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்றேன். கொடுத்துவிட்டார்.

உன் தங்கை,
சிசாதோ


மடம்
14 அக்டோபர்

சிசாதோவுக்கு,

தேதியில் நான்கோ ஒன்பதோ வந்தால்தான் இங்கே தலை மழித்து, துணி தைத்து, கடிதம் எழுத முடியும். ஆகவே சுருக்கமாக.

எப்படி உட்காருகிறேன்? மலைபோல. அப்படித்தான் உட்காரச் சொல்கிறார்கள். கச்சையைத் தொப்புளுக்குக் கீழே இறுக்கிக் கட்டுகிறேன். மூச்சை உள்ளே இழுத்து அடிவயிற்றுக்குத் தள்ளி, அங்கேயே வைத்து அழுத்துகிறேன். பலம் எல்லாம் அங்கேதான் என்று பழைய துறவிகள் சொல்வார்கள். ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும்வரை அப்படியே. முகம் சூடாகிறது, பாதம் பனிக்கட்டியாகிறது. அப்போதுதான் நெஞ்சு துள்ளுகிறது.

தியான மண்டபத்தின் தலைவர் சோகான் என்பவர். நேற்று என் பின்னால் வந்து நின்றார். கோலால் தோளில் தட்டப் போகிறார் என்று தலை குனிந்தேன். தட்டவில்லை. குனிந்து காதருகில், "வீட்டுக்குப் போ. உன் மூச்சு சரியா இல்ல" என்றார். நான் கும்பிட்டுவிட்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பயப்படாதே. ஏப்ரலில் நான் இங்கே வந்ததை மறந்துவிட்டாயா? வாசற்படியில் மூட்டைமேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்து கிடந்தேன். "இடமில்ல, வேற மடம் பாரு, போ" என்றார்கள். சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். திரும்பி வந்து கவிழ்ந்தேன். போகாதவனைத்தான் உள்ளே விடுவார்கள். நம் அப்பாவும் அப்படித்தான் நுழைந்தார், அவருடைய குருவும் அப்படித்தான். 'போ' என்பது இந்த வீட்டில் 'இரு' என்பதற்கு வைத்த பெயர்.

குமசாகி மாமாவிடம் சொல், செத்தவர்கள் காத்திருப்பார்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று.

தைஜுன்


ஹிதா
20 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

யசு என்று எழுதாமல் மடத்துப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். யாரோ தைஜுன் சுவாமி எனக்குக் கடிதம் எழுதியதுபோல் இருக்கிறது. பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன்.

நீ எழுதியபடியே நம் கோயில் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டையை இறுக்கி, மூச்சை இழுத்து, அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரலை மணிக்கட்டில் வைத்தேன். நாடி மெலிந்துகொண்டே போனது, நூல் மாதிரி. மூச்சை விட்டதும் ஒரு பெரிய அடி. நெற்றிப் பொட்டு வரைக்கும் கேட்டது. உனக்கு நடப்பது இதுதானோ என்று நினைத்தேன்.

பிறகு பட்டையைத் தளர்த்தினேன். உட்காரும் எலும்புகள் இரண்டும் திண்டில் சமமாகப் பதியும்படி முன்னால் சாய்ந்து, தலையை யாரோ மேலே மெதுவாக இழுப்பதுபோல் நிமிர்ந்தேன். தோளை விட்டுவிட்டேன். மூச்சை வைத்துக்கொள்ளவில்லை. வெளியே விட்டேன், மெதுவாக, தீரும்வரை. உள்ளே வருவது தானாக வரட்டும் என்று இருந்தேன். அண்ணா, மூச்சு உள்ளே வரும்போது நாடி கொஞ்சம் ஓடுகிறது, வெளியே போகும்போது நடக்கிறது. வெளிமூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் நடக்கிறது. விரலின் கீழே அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

புத்தகத்தில் இதற்குக் காரணமும் இருக்கிறது. மூளையிலிருந்து கிளம்பி, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றும் ஒரு நரம்பு உண்டு. அதற்கு 'அலையும் நரம்பு' என்றே பெயர். மூச்சை விடும்போது அது இதயத்தின் முதுகில் கை வைத்து 'மெதுவாகப் போ' என்கிறது. கூன் போட்டால் உதரவிதானத்துக்கு இறங்க இடமில்லை. கல்லாக இறுக்கினாலும் இடமில்லை. நிமிர வேண்டும், ஆனால் இறுகக் கூடாது.

அதனால் கச்சையைத் தளர்த்து. மூச்சை விடு. சேர்த்து வைக்காதே.

இன்னொன்று. உன் மண்டபத் தலைவர் உண்மையாகவே 'போ' என்று சொல்லியிருந்தால்?

சிசாதோ


மடம்
4 நவம்பர்

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடி செய்தேன். தீவனம் கண்ட குதிரைபோல் நெஞ்சு அடங்கிவிட்டது. நாள்கணக்காக ஒரு துள்ளலும் இல்லை. பாதம்கூடச் சூடாக இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் துறவி, "என்ன ஜுன் சான், வீட்லேர்ந்து மருந்து வந்துச்சா?" என்று கேட்டார். தங்கை அனுப்பினாள் என்றேன். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா, காசு கேட்டுத்தான் எழுதுவா" என்றார்.

நேற்றுத் தனி நேர்காணலில் குரு என் கேள்விக்குப் பதில் சொல்லாமல், நான் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியை ஆட்டி அனுப்பிவிட்டார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். டிசம்பர் முதல் தேதி தொடங்கும் பெரிய அமர்வில் உட்காருகிறேன். அந்த ஒரு வாரம் முழுவதும் யாரும் படுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண் மூடலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டிவிட்டால் முதல் வருடம் முடிந்த மாதிரி. பனி உருகும்போது நம் கூரை நம்முடையதாகவே இருக்கும். அம்மா அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

குளிருக்கு வயிற்றுப்பட்டை ஒன்று பின்னி அனுப்பு. இறுக்கமாக வேண்டாம். இதை நீயே சொல்லிவிட்டாய்.

தைஜுன்


ஹிதா
10 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

வயிற்றுப்பட்டை இதனுடன் வருகிறது. பழுப்பு நிறம். ஒரு இடத்தில் தையல் விட்டுப்போயிருக்கிறது, அது பின்பக்கம் வரும்படி போட்டுக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுவதும் பெருமையாகத் திரிந்தேன். மறுநாள் பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒரு புத்தகமும் என் மணிக்கட்டும்தான். என் நாடி தவறுகிற நாடி இல்லையே. அதனால் உஷிமாரு டாக்டரிடம் போனேன். பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்பதுபோல், ஒருவருக்கு நாடி தவறினால், அவர் மூச்சைச் சரிசெய்து அது நின்றுவிட்டால், குணமானதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட நெஞ்சு?"

"கட்டுரைக்குத்தான் டாக்டர்."

"கட்டுரைக்கு நாடி இருக்காதும்மா. நீளமா மூச்சு விட்டா குதிக்கிற நெஞ்சு சாந்தமாகும், அது நிஜம். ஆனா சாந்தமானது வேற, சரியானது வேற. கடிவாளம் பிடிச்சா குதிரை நிக்கும். கால் ஒடிஞ்ச குதிரையும் நிக்கும்." பிறகு அவரே சொன்னார்: "உங்க அப்பா ரொம்ப அழகா உட்காருவார். அவர் நெஞ்சுல ஒரு தடவ குழாய வச்சுப் பார்த்திருக்கலாமேன்னு இன்னிக்கும் எனக்கு இருக்கு. ரெண்டு பேரும் தள்ளிப் போட்டோம்."

அண்ணா, நான் உனக்குத் தந்தது கடிவாளம்தான். அது நன்றாக வேலை செய்கிறது என்பதே இப்போது என்னைத் தூங்கவிடவில்லை. துள்ளியிருந்தால் நீ யாரிடமாவது காட்டியிருப்பாய்.

டிசம்பருக்கு முன் ஒரு டாக்டரைப் பார். மடத்துக்குக் கீழே இருக்கும் ஊரில் மருத்துவமனை இருக்கிறதே. பார்த்தேன் என்று இருபத்துநாலாம் தேதிக்குள் எனக்குக் கடிதம் வராவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

சிசாதோ


மடம்
19 நவம்பர்

சிசாதோ,

நெஞ்சு மறுபடி துள்ளுகிறது. எப்போதிலிருந்து தெரியுமா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் கல்லைப் போட்டுவிட்டாய். இப்போது ஒவ்வொரு மூச்சிலும் அடுத்த அடி வருமா என்று காத்திருக்கிறேன். காத்திருப்பவன் எப்படித் தியானம் செய்வான்?

மண்டபத் தலைவர் இரண்டாவது முறையும் போகச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. அமர்வு நெருங்கும்போது இப்படித்தான் நெருக்குவார்கள் என்று பழையவர்கள் சொல்கிறார்கள். நான் அசையவில்லை.

நீ ஒரு புத்தகம் படித்தவள். உன் தலைக்கு மேலே கூரை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் அவள் வந்து என்னை அழைத்துப்போவாள். பிறகு மூவரும் எங்கே போவோம்? அதற்கும் புத்தகம் வைத்திருக்கிறாயா?

வயிற்றுப்பட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அமர்வு முடியும்வரை எழுதாதே. இங்கே வராதே.

தைஜுன்


மருத்துவமனை, கீழ்த்தளம்
25 நவம்பர், ஞாயிறு

அண்ணா,

வராதே என்றாய். வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஊறுகாய்ப் பீப்பாயில் முள்ளங்கியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். கல்லைத் தூக்கி மூடிமேல் வைத்தாள். "கோயில் போனா போகட்டும். வேற வீட்லயும் முள்ளங்கி ஊறும். நாளைக்குக் காலம்பர வண்டில போ. நாளைக்கு ஓகுரா வீட்டு நினைவுச் சடங்கு, வெளியூர்க் குருவுக்கு நான் சமைக்கணும், இல்லேன்னா நானே போயிருப்பேன். அவனக் கூட்டிட்டு வா" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, நீ திருப்பி அனுப்பிய பட்டையில் விட்டுப்போயிருந்த தையலைச் சரிசெய்தாள்.

மடத்து வாசலில் இளம் துறவி ஒருவர் வந்தார். உன் பெயரைச் சொன்னேன்.

"தைஜுன் இங்க இல்ல. திரும்பிப் போ பாப்பா."

எனக்குத் தெரியாதா இது? நீதான் எழுதியிருந்தாயே. வாசற்படியில் மண்டியிட்டு, பள்ளிப் பையின்மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்தேன். பைக்குள் அகராதி இருந்ததால் நன்றாக வலித்தது.

"காது கேக்கலையா? இல்லேன்னு சொல்றேன்."

"அப்படித்தான் சொல்வீங்கன்னு எங்க அண்ணா எழுதியிருக்கார்."

"எந்த அண்ணா?"

"தைஜுன்."

"அவர்தான் இல்லையேம்மா."

"ஏப்ரல்ல இடமில்லேன்னு சொன்னீங்க. இடம் இருந்துச்சு."

அவர் போய்விட்டார். அப்படிக் குனிந்திருக்கும்போது மூச்சு கீழே இறங்கவே இல்லை, கழுத்திலேயே நின்றது. நெஞ்சு பையின்மேல் இடித்தது. உன்னை நினைத்துக்கொண்டு வெளிமூச்சை நீட்டினேன். கொஞ்சம் அடங்கியது. அடங்கியதும், இப்படியே சாயங்காலம்வரை இருக்கலாம், நாளைக்கும் இருக்கலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? நீ ஏன் எழுந்திருக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

சமையல் துறவி வந்தார். அவர் கட்டியிருந்த ஏப்ரனில் மிசோக் குழம்பு வாசனை. என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் குடும்பத்துக்கே இதே வியாதியா? எந்திரிம்மா. உங்க அண்ணன நான்தான் முதுகுல தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரி பஸ்ல ஏத்தினேன், என் இடுப்பு இன்னும் நிமிரல."

பிறகு உன் மண்டபத் தலைவரே வந்து என் பக்கத்தில், படியில் உட்கார்ந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர்.

"மூணாவது தடவையும் போகச் சொன்னேன்" என்றார். "நிஜமாத்தான் சொன்னேன். கும்பிட்டுட்டு முதுக நிமிர்த்தினான். அவன் மூட்டைய நானே தூக்கி வாசலுக்கு வெளிய வச்சேன். அப்பவும் அதுமேல தலைய வச்சுப் படியிலயே கவுந்துட்டான். மறுநாள் காலைல உதடு நீலமா இருந்துச்சு."

"நிஜம்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அந்த வார்த்தைய நாங்கதான் கெடுத்து வச்சிருக்கோம். முதல் தடவையே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருக்கணும். வீட்டுக்குப் போன்னு சொன்னேன்." பிறகு, "நடுவுல ரெண்டு மூணு வாரம் அவன் மூச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனால நானும் அசந்துட்டேன்" என்றார்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்க" என்றார். அதைப் பாராட்டாகவும் சொல்லவில்லை, திட்டாகவும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கார்டு போட்டிருக்கிறார்களாம். விடுமுறை நடுவில் வந்ததால் நாளைதான் கிடைக்கும்.

இங்கே வந்து சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ், "போம்மா, நாளைக்கு வா" என்றார். "நிஜமாவா சொல்றீங்க?" என்று கேட்டேன். "பின்ன, வேடிக்கைக்கா சொல்வாங்க?" என்றார். கதவுக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்க்க விட்டார். நீ மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு அழகும் இல்லை. போர்வை ஏறி இறங்கியது. இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. பட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. கோபம் தீராவிட்டால் எழுதவேண்டாம். அம்மாவுக்காவது ஒரு வரி எழுது.

சிசாதோ


மருத்துவமனை, மூன்றாம் மாடி
27 நவம்பர்

அன்புள்ள சிசாதோ,

நர்ஸ் உன் கடிதத்தைக் கஞ்சித் தட்டோடு கொண்டுவந்து வைத்தார். கஞ்சி ஆறிப்போயிற்று.

நேற்று நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு முள் ஆடி ஆடிக் காகிதத்தில் கோடு வரைந்தது. டாக்டர், "மடத்துல எப்படி மூச்சு விடுவீங்களோ அப்படி விடுங்க" என்றார். படுத்தபடியே, நீ எழுதிய மாதிரி விட்டேன். கோடு விரிந்து, நிதானமாக, அலைபோல வந்தது. டாக்டரே பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அழகான கோட்டுக்கு நடுவில், இருக்கவேண்டிய இடத்தில், ஒரு அடி இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று இல்லை. வால்வு ஒன்று சரியாக மூடவில்லையாம். பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கோடைக்குப் பிறகு பெரிய மருத்துவமனையில் அதைச் சரிசெய்து பார்க்கலாம், அதுவரை படுத்துத் தூங்க வேண்டும் என்றார். ஒரு வாரம் படுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார்.

படியில் கிடந்த அன்று எனக்குக் கஷ்டமாகவே இல்லை, சிசாதோ. அதுதான் பயங்கரம். மறுபடி ஏப்ரல் வந்துவிட்டது, இந்தத் தடவையும் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர் தூக்கியபோது அவரை அடித்ததாகச் சொல்கிறார்கள்.

தண்ணீரில் நீ கல் போடவில்லை. தண்ணீருக்கு அடியில் கல் இருந்தது.

மண்டபத் தலைவர் இன்று வந்தார். என் திருவோட்டையும் மூட்டையையும் கொண்டுவந்தார். திரும்பி வருவேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "இரு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படுத்தே இரு" என்று விளக்கமாகச் சொன்னார்.

அம்மா சொன்னதைப் பல தடவை படித்தேன். வீட்டைக் காலி செய்வது பற்றிக் குமசாகி மாமாவுக்கு நானே எழுதுகிறேன், அம்மா பேசவேண்டாம். அவர் வந்து, 'அதுக்கென்ன அவசரம், இருங்க' என்பார். உபசாரமாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல். எதுவானாலும் பனி உருகும்வரை அங்கே இருப்போம். பிறகு முள்ளங்கி ஊறும் இடம் ஒன்றைத் தேடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மேலே மடத்தில் எல்லோரும் பெரிய அமர்வில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் இங்கே மல்லாந்து கிடப்பேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வா. பட்டையையும் எடுத்து வா, ஜன்னலோரம் குளிருகிறது. பார்வை நேரம் முடிவதற்குள் வந்துவிடு.

எழுதாதே, வராதே என்று எழுதியவன்தான் எழுதுகிறேன். அதையும் நிஜமாகத்தான் எழுதினேன். இதையும் நிஜமாகத்தான் எழுதுகிறேன். வா.

உன் அண்ணன்,
யசு